ஓ வகை ரத்தம் என்றால் நோரோவைரஸ் சீக்கிரம் தொற்றுமா?

வீட்டில் ஐந்து பேர். எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே கழிப்பறை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் உள்ளே நுழைந்து இரண்டே நாளில் நாலு பேரைப் படுக்கையில் போட்டுவிடுகிறது. ஐந்தாவது ஆள் மட்டும் வழக்கம்போல் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய் வருகிறார். "அவருக்கு பி வகை ரத்தம், அதான் ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் இதே செய்தி வேறு மாதிரி சுற்றும்: ஓ வகைக்காரர்கள் எச்சரிக்கையாக இருங்கள், வயிற்றுக் கிருமிகளுக்கு உங்களைத்தான் பிடிக்கும்.

இது வெறும் புரளி இல்லை. ரத்த வகைக்கும் வயிற்று வைரஸுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஏ, பி, ஏபி, ஓ என்ற எழுத்து அந்தத் தொடர்பில் சிறிய பங்குதான். பெரிய பங்கு வேறொரு மரபணுவுடையது. அதைப் பற்றி உங்கள் தேசிய சேவை அட்டையிலோ ரத்த தான அட்டையிலோ ஒரு வரிகூட இருக்காது.

முதலில் அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று பார்ப்போம். ஏ, பி என்பவை சர்க்கரை மூலக்கூறுகளின் பெயர்கள்தான். செல்லின் மேற்பரப்பில் சின்னச் சின்னச் சர்க்கரைகள் பாசிமணி கோத்ததுபோல் சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒட்டிக்கொண்டால் அது எச் ஆன்டிஜென், அதாவது எச் என்ற அடையாளக் குறி. அதன் பக்கத்தில் என்-அசெட்டைல் கேலக்டோஸமைன் சேர்ந்தால் ஏ. அந்த இடத்தில் கேலக்டோஸ் சேர்ந்தால் பி. இரண்டையும் சேர்க்கும் நொதிகள் இருந்தால் ஏபி. எதையும் சேர்க்க முடியாமல் எச் அப்படியே நின்றுவிட்டால் ஓ. அதாவது ஓ என்பது வெறுமை இல்லை, மேலே எதுவும் மூடாத எச்.

இந்தச் சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இருப்பதில்லை. குடலின் உள்தோலிலும், உமிழ்நீரிலும், தாய்ப்பாலிலும் இருக்கின்றன. ரத்தத்தில் எச் செய்வது எஃப்யூடி1 என்ற மரபணு. குடலிலும் உமிழ்நீரிலும் எச் செய்வது எஃப்யூடி2. இரண்டும் 19ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ளவை, ஆனால் தனித்தனியாக இயங்குபவை. ஏ, பி நொதிகளைத் தீர்மானிக்கும் மரபணு இருப்பதோ 9ஆம் குரோமோசோமில். எஃப்யூடி2 வேலை செய்பவரை ஆய்வுக்கூடத்தில் செக்ரட்டர், அதாவது சுரப்பவர் என்பார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வேலை செய்யாத பிரதி வந்திருந்தால் அவர் நான்-செக்ரட்டர். அவருடைய ரத்தம் ஏ வகையாகவே இருக்கலாம். ஆனால் குடல்தோலின் மேற்பரப்பில் எச் உருவாகாது. எச் இல்லாத இடத்தில் ஏ நொதிக்கும் பி நொதிக்கும் வேலையில்லை.

நோரோவைரஸ் குடலில் பிடித்துக்கொள்வது இந்தச் சர்க்கரைகளைத்தான். வைரஸின் வெளிக்கூட்டில் துருத்திக்கொண்டிருக்கும் புரதப் பகுதியில் சர்க்கரை பொருந்தும் பள்ளம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தின் வடிவம் ஒவ்வொரு ரகத்துக்கும் கொஞ்சம் மாறும். இதற்குப் பிறகு வரும் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் அந்த வித்தியாசம்தான்.

1968ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் பரவிய வாந்தியிலிருந்து இந்தக் குடும்பத்தின் முதல் வைரஸ் கிடைத்தது. 1972ல் ஆல்பர்ட் கபிக்கியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார். இன்றைய வகைப்பாட்டில் அதன் பெயர் ஜிஐ.1. இந்த ரகத்தைத் தன்னார்வலர்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் 2002ல் ஒரு விஷயம் வெளிவந்தது. ஓ வகையினருக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுதல், பி வகையினருக்குக் குறைவு. வாட்ஸ்அப் செய்தியின் வேர் பெரும்பாலும் இதுதான். காரணமும் தெளிவாக இருக்கிறது. ஜிஐ.1இன் பள்ளம் எச்சையும் ஏவையும் பிடிக்கும். பி சர்க்கரை அதற்குள் சரியாகப் பொருந்தாது.

அடுத்த ஆண்டே, 2003ல், 77 தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. அந்தக் குழுவில் இருந்த நான்-செக்ரட்டர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. வைரஸின் அளவைக் கூட்டிக் கொடுத்தும் தொற்றவில்லை. ரத்த எழுத்து சாத்தியத்தைச் சற்றே கூட்டும், குறைக்கும். எஃப்யூடி2 இல்லாமை அந்த ரகத்துக்குக் கதவையே அடைத்துவிட்டது. ஆக, ஐந்தாவது ஆள் தப்பித்த காரணத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஃப்யூடி2. பி என்ற எழுத்தெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆனால் நான்-செக்ரட்டர் என்றதும் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. உலகம் முழுக்க 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் அதிகம் பரவியது ஜிஐஐ.4 ரகம். இதன் பள்ளத்தில் ஏ, பி, எச் மூன்றும் பொருந்தும். அதனால் செக்ரட்டராக இருந்தால் பி வகை ரத்தம் இந்த ரகத்திடம் பெரிதாகக் கைகொடுக்காது. நான்-செக்ரட்டர்களை ஜிஐஐ.4 பெரும்பாலும் விட்டுவிடும், இருந்தாலும் விதிவிலக்குகள் பதிவாகியுள்ளன. ஜிஐஐ.2 போன்ற ரகங்களோ செக்ரட்டரா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. ஸ்னோ மவுன்டன் வைரஸ் என்று பழைய பெயர் கொண்ட ஜிஐஐ.2ஐத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது இரு பிரிவினருக்குமே தொற்றியது. போன தடவை தப்பித்தவர் இந்தத் தடவையும் தப்பிப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நோரோவைரஸ் தொற்றியவர்களில் கணிசமான பேருக்கு அறிகுறியே தெரியாது. தன்னார்வலர் ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படி இருந்தார்கள். மலத்தில் வைரஸ் போகும், ஆள் திடமாகவே இருப்பார். ஆகவே "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதிலிருந்து "எனக்குத் தொற்றவில்லை" என்ற முடிவுக்கு வரக்கூடாது. வீட்டில் சமைப்பவர் அவராக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

நம் சிங்கப்பூரில் யார் எந்தப் பிரிவு என்பதும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாத விஷயம். ஐரோப்பியர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் நான்-செக்ரட்டர். அதற்குக் காரணம் எஃப்யூடி2இல் 428ஆம் இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து ஏவாக மாறியிருப்பது (இந்த ஏ ரத்த வகை அல்ல). அந்த ஒரு மாற்றத்தால் நொதி பாதியிலேயே அறுந்துபோகிறது. தெற்காசியர்களிடமும் இந்த மாற்றம் உண்டு. கூடவே, எஃப்யூடி2 மரபணுவே முழுதாகக் காணாமல்போன வகை ஒன்று இந்தியர்களிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. சீனர், ஜப்பானியர் போன்ற கிழக்காசியர்களிடம் அதிகம் இருப்பது வேறொரு மாற்றம், 385ஆம் இடத்தில். அது நொதியை நிறுத்துவதில்லை, மந்தமாக்குகிறது. அப்படிப்பட்டவர்கள் எச்சைக் கொஞ்சமாகச் சுரப்பார்கள். முழுப் பாதுகாப்பு உள்ளவர்கள் என்று அவர்களைச் சேர்க்க முடியாது. ஒரே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மாடியில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இந்த மூன்று வகையும் இருக்கலாம் என்பதுதான் சிங்கப்பூரின் நிலை. ஐரோப்பிய ஆய்வுகளின் விழுக்காட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

பாம்பே ரத்த வகையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1952ல் பாம்பேயில் மருத்துவர் பெண்டேயும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்த இந்த வகையில் ரத்தத்திலும் எச் இல்லை, உமிழ்நீரிலும் எச் இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும். ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. வைரஸ் விஷயத்தில் இவர்கள் நான்-செக்ரட்டர்கள். ரத்தம் தேவைப்படும் நேரத்தில் இவர்களுக்கு ஏற்படும் சிரமத்தின் முன் அந்தப் பாதுகாப்பு ஒரு பொருட்டே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது பாம்பே வகை என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சோதித்துக்கொள்வது அவசியம்.

செக்ரட்டரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது

மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் சறுக்கும் இடங்கள் உண்டு.

முதல் வழி லூயிஸ் என்ற இன்னொரு ரத்த வகைச் சோதனை. இதில் வரும் ஏ, பி வேறு, வழக்கமான ஏ, பி வகைகள் அல்ல. ரத்த வங்கி ஆய்வுக்கூடங்களுக்குப் பழக்கமானது. சிவப்பணுவில் லூயிஸ் ஏ மட்டும் இருந்தால் நான்-செக்ரட்டர். லூயிஸ் பி மட்டும் இருந்தால் செக்ரட்டர். இரண்டும் சேர்ந்து தெரிந்தால், பெரியவர்களாக இருக்கும் பட்சத்தில், கொஞ்சமாகச் சுரக்கும் கிழக்காசிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே இல்லை என்றால் இந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்று பொருள், ஏனென்றால் லூயிஸ் சர்க்கரையைச் செய்யும் எஃப்யூடி3 அவரிடம் வேலை செய்யவில்லை. லூயிஸ் சர்க்கரைகளைச் சிவப்பணு தானாகச் செய்வதில்லை, பிளாஸ்மாவிலிருந்து வாங்கி ஒட்டிக்கொள்கிறது. அதனால் கர்ப்ப காலத்தில் அவை குறைந்து "இரண்டும் இல்லை" என்று தவறாக வரலாம். கைக்குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை சரிவராது. பிறந்த குழந்தையிடம் இரண்டுமே இல்லாததுபோல் தெரியும், வளர வளரத்தான் உண்மையான வகை வெளிப்படும்.

இரண்டாவது, உமிழ்நீர்ச் சோதனை. உயிரியல் மருத்துவம் படிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் செய்து பார்க்கக்கூடியது. 2 முதல் 3 மில்லி உமிழ்நீரைச் சோதனைக்குழாயில் எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். கொதிக்க வைக்காவிட்டால் உமிழ்நீரில் உள்ள நொதிகள் நாம் தேடும் சர்க்கரையையே தின்றுவிடும். பிறகு சுழற்றி, மேலே நிற்கும் தெளிவான நீரை எடுத்து, சம அளவு உப்புநீர் சேர்க்க வேண்டும். அதில் ஒரு சொட்டு எடுத்து, நீர்த்த எதிர்ச்சீரம் (அந்தச் சர்க்கரையைப் பிடித்துச் சிவப்பணுக்களைத் திரட்டும் திரவம்) ஒரு சொட்டுடன் கலந்து 10 நிமிடம் விட வேண்டும். ஏ வகைக்காரருக்கு ஆன்டி-ஏ, பி வகைக்காரருக்கு ஆன்டி-பி, ஓ வகைக்காரருக்கு ஆன்டி-எச். ஆன்டி-எச் என்பது கோர்ஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். கடைசியில் அந்தந்த வகைச் சிவப்பணுவை ஒரு சொட்டு விட வேண்டும். திரண்டால் நான்-செக்ரட்டர். திரளாவிட்டால் செக்ரட்டர், ஏனென்றால் உமிழ்நீரில் இருந்த சர்க்கரை எதிர்ச்சீரத்தை முன்பே செலவழித்துவிட்டது.

பார்க்கத் தலைகீழாக இருக்கும் இந்த விடையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடுத்துத் தடுமாறுவது எதிர்ச்சீரத்தின் பலத்தில். புட்டியில் வரும் சீரத்தை நீர்க்காமல் பயன்படுத்தினால், உமிழ்நீர் எவ்வளவு செலவழித்தாலும் மிச்சம் இருக்கும். செக்ரட்டருக்கும் திரளும், விடை தப்பாகும். படிப்படியாக இரட்டித்து நீர்த்துப் பார்த்து, அணுக்களை ஓரளவு தெளிவாகத் திரட்டும் கடைசி அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே மூன்று குழாய்கள் ஒப்பீட்டுக்காக ஓட வேண்டும்: செக்ரட்டர் என்று தெரிந்தவர் உமிழ்நீர், நான்-செக்ரட்டர் என்று தெரிந்தவர் உமிழ்நீர், வெறும் உப்புநீர். உப்புநீர்க் குழாயில் திரளவில்லை என்றால் அன்றைய சோதனை முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மூன்றாவது வழி மரபணுச் சோதனை. மேலே சொன்ன 428ஆம் இடத்தின் குறியீடு ஆர்எஸ்601338. அங்கே இரண்டு ஏ வந்தால் நான்-செக்ரட்டர். அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகள் ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சீன வம்சாவளியினருக்கு 385ஆம் இடத்தைக் குறிக்கும் ஆர்எஸ்1047781ஐயும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதி விடைதான் கிடைக்கும். மரபணுவே முழுதாக இல்லாத இந்திய வகையை இந்த மலிவான சோதனைகள் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு உமிழ்நீரே நேரடிச் சாட்சி என்பது என் கருத்து.

இவ்வளவும் சொன்ன பிறகு வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோரோவைரஸுக்காக மட்டும் காசு கொடுத்து இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம். விடை எதுவாக வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. "ரத்த வகைக்கேற்ற உணவு" என்று விற்கப்படும் பட்டியல்களுக்கு இந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுவதும் மோசடி. வைரஸ் எந்தச் சர்க்கரையில் ஒட்டும் என்பதற்கும் ஓ வகைக்காரர் கோதுமை சாப்பிடலாமா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ரோட்டாவைரஸ் பற்றிச் சுருக்கமாக. குழந்தைகளைத் தாக்கும் பி[8] (ரத்த வகை பி அல்ல, வைரஸ் ரகத்தின் பெயர்) போன்ற முக்கிய ரகங்களும் செக்ரட்டர் குழந்தைகளையே அதிகம் பிடிக்கின்றன. சொட்டு மருந்தில் இருப்பதும் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ்தான். அதனால் நான்-செக்ரட்டர் குழந்தைகளிடம் சில ஆய்வுகளில் தடுப்பு மருந்தின் பலன் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. இதை வைத்துச் சொட்டு மருந்தைத் தவிர்க்கக் கூடாது. ரோட்டாரிக்ஸ் 2 தவணை, ரோட்டாடெக் 3 தவணை. இரண்டிலும் முதல் தவணை குழந்தைக்கு 6 வாரம் ஆன பிறகு, 15 வாரம் தொடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலக்கெடுவைத் தவறவிடுவதுதான் பெற்றோர் அதிகம் செய்யும் பிழை.

சிப்பிக்கும் ரத்த வகை போன்ற சர்க்கரை உண்டு

2003 டிசம்பரிலும் 2004 ஜனவரித் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் 300க்கும் அதிகமானோர் நோரோவைரஸால் நோயுற்றார்கள். சீனாவிலிருந்து வந்த, அரை ஓட்டில் உறையவைத்த சிப்பிகளே காரணம் என்று தெரிந்தது. சிப்பி ஏன் இந்த வைரஸை இவ்வளவு விடாப்பிடியாக வைத்திருக்கிறது என்பதற்கும் பதில் சர்க்கரையில்தான் இருக்கிறது. சிப்பியின் செரிமானத் திசுவில் மனிதரின் ஏ ஆன்டிஜெனைப் போன்ற சர்க்கரை உண்டு என்றும், ஜிஐ.1 வைரஸ் அதில் ஒட்டிக்கொள்கிறது என்றும் 2006ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிப்பிகளைச் சுத்தமான நீர்த்தொட்டியில் வைத்துக் கழுவினால் பாக்டீரியா பெருமளவு வெளியேறிவிடும், வைரஸ் வெளியேறாது. "சுத்திகரிக்கப்பட்ட சிப்பி" என்ற அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். உறையவைத்தாலும் வைரஸ் சாகாது. எலுமிச்சையும் மிளகாய்ச் சாந்தும் ஒன்றும் செய்யாது.

லக்சாவிலும் சார் குவே தியாவிலும் போடும் கெராங் மட்டியும் இதே வகையறா. வடிகட்டி உண்ணும் உயிர் என்பதால் அழுக்கு நீரில் உள்ளதையெல்லாம் சேர்த்துவைக்கும். ஓடு திறந்ததும் இறக்கிவிடும் வழக்கம் ருசிக்கு நல்லது, வைரஸுக்கும் நல்லது. உள்சதை 90 பாகை சூட்டில் 90 விநாடி இருக்க வேண்டும். வீட்டில் செய்தால், ஓடு திறந்த பிறகும் கொதிக்கும் நீரில் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். சதை ரப்பர் மாதிரி ஆகும், வேறு வழியில்லை.

வாந்தி எடுத்த இடத்தை என்ன செய்வது

வீட்டுக்குள் நோய் பரவுவது பெரும்பாலும் இந்த இடத்தில் நடக்கும் தவறால்தான். ஒருவரை நோயாக்க மிகக் கொஞ்சம் வைரஸ் போதும். வாந்தியிலும் மலத்திலும் இருப்பதோ கோடிக்கணக்கில். நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. கைச் சுத்திகரிப்பு ஜெல்லில் உள்ள ஆல்கஹால் கரைத்து அழிப்பது அந்த உறையைத்தான், ஆகவே இந்த வைரஸிடம் அது சரியாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடி என்றால், வைரஸ் சாகாவிட்டாலும் கையை விட்டுக் கழன்று போகும்.

தரையில் வாந்தி விழுந்தால் குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். இதை எல்லாரும் மறக்கிறார்கள். காற்றில் பறக்கும் துளிகளை அறை முழுக்கப் பரப்புவது அந்த விசிறிதான். சன்னலைத் திறந்துவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைக் காகிதத்தைக் கனமாக மேலே விரித்து உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுத்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். துடைப்பம் வேண்டாம், துடைப்பான் வேண்டாம், தூசி உறிஞ்சும் இயந்திரம் கூடவே கூடாது.

முதலில் அள்ளி எடுத்து, சோப்புநீரில் துடைத்து, அதற்குப் பிறகுதான் பிளீச். வாந்தியின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் உணவுத் துணுக்கே குளோரினைத் தின்றுவிடும், வைரஸுக்கு மிஞ்சாது. கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வாந்தி விழுந்த இடத்துக்கு 100 மில்லி பிளீச்சுடன் 900 மில்லி தண்ணீர், அதாவது 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). கதவுக் கைப்பிடி, மின்விளக்குப் பொத்தான், குழாய்த் திருகு, கழிப்பறை இருக்கை போன்றவற்றுக்கு 20 மில்லி பிளீச்சுடன் 980 மில்லி தண்ணீர், அதாவது 1,000 பிபிஎம். புட்டியில் 2.5 விழுக்காடு என்று போட்டிருந்தால் பிளீச்சின் அளவை இரட்டியுங்கள். தெறிக்காது என்று விற்கும் கெட்டியான பிளீச் சிலவற்றில் வீரியம் குறைவு, கிருமிநீக்கத்துக்கு ஏற்றதல்ல என்று சிட்டையிலேயே எழுதியிருப்பார்கள். தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், பிறகு தண்ணீரால் துடையுங்கள். விழுந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதாது. சுற்றிலும் குறைந்தது 2 மீட்டர், சுவரின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து.

கலவை அன்றன்றைக்குப் புதிது. நம்மூர்ச் சூட்டில் நேற்றுக் கலந்ததை நம்ப முடியாது. திறந்து பல மாதம் சேவை முற்றத்து வெயிலில் நின்ற புட்டியையும் நம்ப முடியாது. கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்துடன் பிளீச் ஒருபோதும் சேரக்கூடாது. நச்சுவாயு கிளம்பும், சிறிய குளியலறையில் தப்பிக்க இடமிருக்காது. பளிங்குத் தரையும் மரத்தரையும் பிளீச்சில் பாழாகும். மெத்தைக்கும் சோபாவுக்கும் நீராவி: 100 பாகையில் ஒரு நிமிடம், 70 பாகை என்றால் 5 நிமிடம், ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும்.

துணிகளில்தான் சிங்கப்பூர் வீடுகளுக்குத் தனிச் சிக்கல். மேலிருந்து போடும் சலவை இயந்திரங்கள் பலவற்றில் வெந்நீர் வசதி இல்லை. பச்சைத்தண்ணீரில் ஒரு சுற்று ஓடினால் வைரஸ் மற்றத் துணிகளுக்கும் போகும். திடமாக ஒட்டியதைக் காகிதத்தால் எடுத்துவிட்டு, அந்தத் துணிகளை மட்டும் தனியாக, வெள்ளைத் துணியானால் பிளீச் சேர்த்து, நீண்ட சுற்றில் போடுங்கள். முன்பக்கக் கதவுள்ள இயந்திரமானால் 60 பாகையோ அதற்கு மேலோ வையுங்கள், முடிந்தால் சூட்டு உலர்த்தியிலும் போடுங்கள். படுக்கை விரிப்பைச் சன்னலுக்கு வெளியே உதறாதீர்கள், கீழ்மாடிக்காரர் கழியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

நோயாளிக்கு

வைரஸை அழிக்கும் மருந்து இதற்குக் கிடையாது, ஆன்டிபயாட்டிக் பயன்படாது. பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தானாக அடங்கும். ஆபத்து நீர்ச்சத்து இழப்பில்தான். மருந்துக்கடையில் வாங்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை எத்தனை மில்லி தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை மில்லியில் மட்டும் கலக்குங்கள். சில பொட்டலம் 1 லிட்டருக்கு, சில 200 மில்லிக்கு. இரண்டையும் மாற்றிக் கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும், அல்லது நீர்த்துப் பயனற்றுப் போகும். பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியும் நல்லது. 100பிளஸ் போன்ற பானங்களில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. திடமான பெரியவருக்குப் பரவாயில்லை, வயிறு கழியும் குழந்தைக்கு வேண்டாம்.

வாந்தி எடுத்தவுடன் டம்ளர் நிறையக் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். 10 நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டி, இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் வீட்டில் பலன் தருவது இதுதான். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைட் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுகிறது என்றால் பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், நிலைமை மோசமானால் ஆம்புலன்ஸுக்கு 995. நீர் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரையோ மெட்ஃபார்மினோ எடுக்கும் தாத்தா பாட்டிக்கு நீர் வற்றும்போது சிறுநீரகம் சீக்கிரம் அடிவாங்கும். அந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசி வாந்தியோ கடைசி வயிற்றுப்போக்கோ நின்று 48 மணி நேரம் முழுதாகக் கழியும்வரை பாலர் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், பிறருக்குச் சமைக்க வேண்டாம். மருத்துவ விடுப்பு (எம்சி) ஒரு நாளுக்குத்தான் கிடைத்தது என்பது இதற்குக் கணக்காகாது. கோயில் அன்னதானத்தில் பரிமாறுபவர்கள், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுபவர்கள், தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் பிசைபவர்கள் எல்லாருக்கும் இதே 48 மணி நேரம். மலத்தில் வைரஸ் இரண்டு வாரமோ அதற்கு மேலோ போய்க்கொண்டிருக்கும் என்பதால், அதற்குப் பிறகும் கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவாத கையோடு மாவில் கைவைக்காதீர்கள். வீட்டில் நோய் வந்தபோது ஒன்றும் ஆகாமல் தப்பித்த அந்த ஐந்தாவது ஆளுக்கும் கைகழுவும் விதி இதேதான்.